முதன்முறையாக இணையத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது?

நூலகத் தன்னார்வலர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை தோறும் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்களுக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலருக்கும் இணையப் பயன்பாட்டைக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஏறக்குறைய எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். யூடியூபில் சமையல் பார்க்கிறார்கள். ஆனால் பட்டா நகல் எடுக்க வேண்டும், பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் கைபேசியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டிவிடுகிறார்கள்.

அவர்களுக்குச் சிக்னல், டேட்டா, கூகுள், குரோம், அரசு இணையதளம் எல்லாமே ‘நெட்’தான். எது நின்றாலும் "நெட் வரவில்லை" என்கிறார்கள். உலாவி, தேடுபொறி, இணைப்பு, முகவரி, பதிவிறக்கம், கடவுச்சொல், குக்கீ என்று பெரிய பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன். ஆயினும், அகரவரிசையில் பொருள் சொல்லிக்கொண்டே போனால் ஒன்றும் மனத்தில் நிற்காது என்று அஞ்சுகிறேன். எதில் தொடங்குவது, எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பிரௌசிங் சென்டர் நடத்துநர்:

நல்ல முயற்சி. ‘நெட் வரவில்லை’ என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே தொடங்குங்கள் என்பது என் கருத்து. என் கடைக்கு வருபவர்களில் பலர் அதைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் பட்டியலில் பாதிச் சொற்கள் தாமாகவே புரிந்துவிடும்.

முதலில் திரையின் மேல் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்குள்ள கோடுகள், கைபேசிக்கும் டவருக்கும் இடையிலான சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கோடுகள் நிறைந்திருந்தும் அன்றைய டேட்டா தீர்ந்து போயிருக்கலாம். வைஃபை குறியின் பக்கத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால், கைபேசி ரவுட்டரோடு (வைஃபை தரும் பெட்டி) இணைந்திருக்கிறது, ஆனால் ரவுட்டருக்கு அப்பால் இணையம் கிடைக்கவில்லை என்று பொருள். குரோமில் சிறிய டைனோசர் படம் வந்தால் உங்கள் கருவி இணையத்தோடு இணையவில்லை என்பது உறுதி. அந்தப் படத்தை விளையாட்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைச் சொன்னவுடன் முகம் மலர்ந்துவிடும்.

அடுத்ததாக, வேறோர் இணையதளத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது திறந்தால் உங்கள் இணைப்பில் குறை இல்லை; நீங்கள் முதலில் தேடிப்போன தளத்தின் சர்வர்தான், அதாவது பக்கங்களை அனுப்பும் கணினிதான், திணறுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் காலையில் நடப்பது இதுதான். மாநிலம் முழுவதிலுமிருந்து மாணவர்களும் பெற்றோரும் ஒரே நேரத்தில் அதே பக்கத்தைக் கேட்கும்போது சர்வரால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல முடிவதில்லை. அப்போது டேட்டாவுக்கு மறுபடியும் ரீசார்ஜ் செய்வதில் எந்தப் பயனும் இல்லை. பத்து நிமிடம் பொறுத்திருப்பதே வழி.

திரையில் தோன்றும் எண்களையும் சொல்லிக்கொடுக்கலாம். 404 என்றால் சர்வர் இயங்குகிறது, நீங்கள் கேட்ட பக்கம் அங்கே இல்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், அல்லது பக்கத்தையே நீக்கியிருக்கலாம். 500, 503 என்று ஐந்தில் தொடங்கினால் குறை அவர்கள் பக்கம். இந்த வேறுபாடு தெரிந்தவர் தம் கைபேசி கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடிவர மாட்டார்.

கம்பிவடப் பொறியாளர்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அதற்கு அடிப்படையாக இணையமும் வலையும் ஒன்றல்ல என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

இணையம் என்பது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிவடங்களும் கருவிகளும், அவை பேசிக்கொள்ளும் விதிமுறைகளும் சேர்ந்தது. அதன் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் இரு கணினிகளுக்கிடையே சென்றது. இன்றும் நாம் பயன்படுத்தும் டிசிபி/ஐபி விதிமுறைக்கு 1983 சனவரி 1 அன்று அந்த வலையமைப்பு மாறியது. அப்போது ‘இணையதளம்’ என்ற ஒன்றே கிடையாது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கியதுதான், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு இணைப்பைத் தொட்டுச் செல்லும் வலை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. அந்த முடிவை எடுத்திராவிட்டால் உங்கள் சனிக்கிழமை வகுப்பு நடந்திருக்குமா என்பது ஐயமே. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் வீடியோ அழைப்பும் இணையத்தின் வழியே செல்கின்றன. அவற்றுக்கு உலாவி தேவை என்பதில்லை. வலைப்பக்கத்தைத் திறந்து காட்டும் செயலிதான் உலாவி: குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் முதலியவை. கூகுள், பிங், டக்டக்கோ ஆகியவை தேடுபொறிகள். அவையும் உலாவிக்குள் திறக்கும் இணையதளங்களே. கூகுள் நிறுவனம் இரண்டையும் தருவதாலும், குரோமைத் திறந்தவுடன் தேடல் பெட்டி வந்து நிற்பதாலும் இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

இணையம் வானத்திலிருந்து வருகிறது என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். சென்னையோடு அந்தமானின் தலைநகரையும் வேறு சில தீவுகளையும் இணைக்கக் கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழை வடம் பதிக்கப்பட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை அந்தமான் மக்கள் செயற்கைக்கோளை நம்பி, மிகக் குறைந்த வேகத்தோடு காலம் தள்ளினார்கள். கைபேசியிலிருந்து டவர் வரைக்கும்தான் காற்று வழி. அதற்குப் பின் பெரும்பாலும் கம்பிதான்.

தமிழாசிரியை, ஓய்வு:

ஐயா சொன்ன வரலாறு படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. என் பேரனுக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு முதல் நாளிலேயே அது வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நானும் எங்கள் தெருவில் நான்கைந்து பேருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு: ஒரு முகவரியைப் பார்த்து, இது யாருடைய இடம் என்று படிக்கும் திறமை. மற்ற எல்லாச் சொற்களையும் தள்ளிப்போடலாம். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

நான் பின்பற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பட்டா நகல் எடுக்கும் அரசுத் தளத்தின் முகவரி ‘இசர்வீசஸ்.டிஎன்.ஜிஓவி.இன்’. இதைக் கரும்பலகையில் ஆங்கில எழுத்துகளில் பெரிதாக எழுதி, வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வேன். கடைசியில் உள்ள ‘இன்’ இந்தியாவைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள ‘ஜிஓவி’ அரசுக்கு உரியது, ‘ஜிஓவி.இன்’ என்று முடியும் பெயரைத் தனியார் எவரும் பணம் கொடுத்து வாங்க முடியாது. அதற்கும் முன்னுள்ள ‘டிஎன்’ தமிழ்நாடு. இடப்பக்கக் கோடியில் உள்ள ‘இசர்வீசஸ்’ அதற்குள் இருக்கும் ஒரு பிரிவு. தபாலில் வரும் உறையின் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று சுருங்கி வருவதைப் போல இதுவும் சுருங்கி வருகிறது என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பிறகு, பயிற்சிக்காக நானே கற்பனையாகச் சில பெயர்களை எழுதுவேன். ‘இசர்வீசஸ்-டிஎன்-ஜிஓவி.காம்’ என்பது ஒன்று. இதில் ‘ஜிஓவி’ என்ற எழுத்துகள் இருந்தாலும் அவை புள்ளியால் பிரிக்கப்படவில்லை, சிறு கோட்டால் ஒட்டப்பட்டிருக்கின்றன, முடிவோ ‘காம்’. யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு இப்படியொரு பெயரை வாங்கலாம். மற்றொன்று ‘இசர்வீசஸ்.டிஎன்.ஜிஓவி.இன்.பட்டா-நகல்.காம்’. இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. இடப்பக்கத்திலிருந்து படிப்பவருக்கு அரசு முகவரி முழுதாகத் தெரிகிறது. வலப்பக்கத்திலிருந்து படிப்பவருக்குத்தான் இது ‘பட்டா-நகல்.காம்’ என்ற பெயரை வாங்கிய எவரோ ஒருவருடைய தளம் என்பது விளங்குகிறது.

நீண்ட முகவரிகளில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்பார்கள். தொடக்கத்தில் உள்ள ‘எச்டிடிபிஎஸ்’, அதன் பின்வரும் இரட்டைச் சாய்கோடு ஆகியவற்றைக் கடந்தபின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நின்று இடப்பக்கமாகத் திரும்பிப் படிக்க வேண்டும். அந்தச் சாய்கோட்டுக்கு வலப்புறம் என்ன எழுதியிருந்தாலும் உரிமையாளர் யார் என்பதை அது தீர்மானிப்பதில்லை. கைபேசியில் முகவரிப் பட்டை சிறியது என்பதால், அதை ஒருமுறை தொட்டு, விரலால் நகர்த்தி முழு முகவரியையும் பார்க்கப் பழக்குங்கள்.

பிரௌசிங் சென்டர் நடத்துநர்:

அம்மா சொன்ன வலமிருந்து இடம் என்ற முறையை நான் அப்படியே என் கடையில் எழுதி ஒட்டப்போகிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொடுத்தால் எளிதாக நினைவிருக்குமே?

வங்கி ஊழியர், ஓய்வு:

மன்னிக்கவும், இதை நான் அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. பூட்டுப் படத்தை நம்பிப் பணம் இழந்தவர்களை நான் பணியில் இருந்தபோது நேரில் கண்டிருக்கிறேன்.

‘எச்டிடிபிஎஸ்’ என்பதும் பூட்டுப் படமும் ஒன்றைத்தான் உறுதி செய்கின்றன: உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் எழுத்துகளை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. அந்தத் தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் அதற்கான சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் லாப நோக்கற்ற சேவை 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாக வழங்குகிறது. வலை முழுவதையும் பாதுகாப்பாக்கிய அருமையான பணி அது. ஆனால் மோசடிக்காரரும் சில நிமிடங்களில் பூட்டை வாங்கிவிட முடிகிறது. உங்கள் கடவுச்சொல் திருடனிடம் மிகப் பத்திரமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். இந்தத் தவறான புரிதலைத் தவிர்ப்பதற்காகவே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் கணினித் திரையிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

ஆகவே, முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்காவிட்டால் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். அப்படித் தொடங்கினாலும் முழு முகவரியையும் படிக்காமல் தட்டச்சு செய்யாதீர்கள் என்று இரண்டையும் சேர்த்தே கற்பியுங்கள்.

வங்கித் தளங்களுக்கு இப்போது ஒரு நல்ல அடையாளம் கிடைத்திருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளங்களை ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவைக் கொண்ட பெயர் வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. தமிழாசிரியை அம்மாவின் முறைப்படி வலப்பக்கத்திலிருந்து படித்தால், ‘இன்’, அதற்கு முன் ‘பேங்க்’, நடுவில் புள்ளி. இதைப் பெரியவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கலாம்.

நூலகத் தன்னார்வலர்:

மிக்க நன்றி. முகவரியைத்தான் முதலில் எடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். வகுப்பில் ஒரு அம்மா, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குக்கீயை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கிறதே, அது என்ன, அதைத் தொட்டால் பணம் போய்விடுமா என்று கேட்டார். தெளிவாகச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பதிவிறக்கம் என்பதையும் பலர் அஞ்சுகிறார்கள். எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது?

கம்பிவடப் பொறியாளர்:

குக்கீயால் பணம் போகாது. வலைப்பக்கங்களை அனுப்பும் விதிமுறைக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. நீங்கள் அடுத்த பக்கத்தைத் தொட்டவுடன், சற்றுமுன் வந்தவர் நீங்கள்தான் என்பது சர்வருக்குத் தெரியாது. இதைத் தீர்க்க, உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி 1994-இல் உருவாக்கிய வழிதான் குக்கீ. தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. நீங்கள் அடுத்த முறை ஒரு பக்கத்தைக் கேட்கும்போது உலாவி அந்தக் குறிப்பைத் திருப்பிக் காட்டுகிறது. நீங்கள் ஒருமுறை உள்நுழைந்தபின் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இதனால்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் படிக்கும் செய்தித் தளத்தில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனமும் தன் குக்கீயை வைக்கிறது. அதே நிறுவனம் வேறு நூறு தளங்களிலும் இருந்தால், நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்பதை அது தொடுத்துப் பார்க்க முடியும். இதைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டங்களால்தான் இந்த அனுமதிக் கேள்விகள் உலகெங்கும் தோன்றுகின்றன. தேவையானவை மட்டும் அல்லது நிராகரி என்ற பொத்தான் இருந்தால் அதைத் தொடச் சொல்லுங்கள். பக்கம் வழக்கம்போலத் திறக்கும்.

இதோடு கேச் என்பதைக் குழப்பிக்கொள்வார்கள். கேச் என்பது ஏற்கெனவே பார்த்த பக்கத்தின் படங்களையும் பிற கோப்புகளையும் மறுபடி இறக்காமல் இருப்பதற்காக உலாவி தன்னிடமே வைத்துக்கொள்ளும் நகல். பக்கம் பழைய தகவலையே காட்டினால் புதுப்பிக்கும் வட்ட அம்புக்குறியைத் தொட வேண்டும். கேச்சை அழித்தால் ஒன்றும் கெடாது. குக்கீயை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள், மீண்டும் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லை மறந்த பெரியவரின் கைபேசியில் இரண்டையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள்.

மறைநிலைச் சாளரத்தைப் (இன்காக்னிட்டோ) பற்றியும் ஒரு வரி. அது உங்கள் கருவியில் வரலாற்றையும் குக்கீயையும் மிச்சம் வைக்காது. இணையச் சேவை தரும் நிறுவனத்திடமிருந்தோ, நீங்கள் செல்லும் தளத்திடமிருந்தோ உங்களை மறைக்காது.

பிரௌசிங் சென்டர் நடத்துநர்:

பதிவிறக்கம் பற்றி நான் சொல்கிறேன். சர்வரில் இருக்கும் கோப்பை நம் கருவிக்குக் கொண்டுவருவது பதிவிறக்கம். நம்மிடமிருந்து அங்கே அனுப்புவது பதிவேற்றம். ஆதார் நகலை விண்ணப்பத்தோடு சேர்ப்பது பதிவேற்றம், பட்டாவை பிடிஎஃப் கோப்பாக எடுப்பது பதிவிறக்கம். இந்த இரண்டு எடுத்துக்காட்டே போதும்.

பயப்பட வேண்டியது கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளுக்கு. பிடிஎஃப், ஜேபிஜி என்று முடிவது ஆவணமோ படமோ. ஏபிகே என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவப்படும் செயலி. இப்போது வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகளை அனுப்புகிறார்கள். அழைப்பிதழுக்குச் செயலி எதற்கு? அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். இறக்குவது வேறு, நிறுவுவது வேறு, அனுமதி கொடுப்பது வேறு. இந்த மூன்று படிகளையும் திரையில் தனித்தனியாகக் காட்டுங்கள். மூன்றாவது படிக்கு முன்பு எங்கே நிறுத்தினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

என் கடை போன்ற பொது இடத்துக் கணினியில், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய வேண்டும். உலாவியை மூடிவிட்டால் வெளியேறிவிட்டோம் என்று நினைத்து எழுந்து போகிறார்கள். அடுத்து வருபவர் திறந்தால் முந்தையவரின் மின்னஞ்சல் அப்படியே நிற்கிறது. நான்தான் ஓடிப்போய் மூடிக்கொண்டிருக்கிறேன்.

வங்கி ஊழியர், ஓய்வு:

தேடுபொறியைப் பற்றி ஒன்று விடுபட்டிருக்கிறது. தேடல் முடிவுகளில் மேலே வருவதெல்லாம் சிறந்தது என்று பொருளல்ல. விளம்பரம் என்ற சிறிய குறிப்போடு வருபவை பணம் கொடுத்து இடம் பிடித்தவை. குறிப்பாக, வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி, கிடைத்த முதல் எண்ணை அழைத்து ஏமாறுவது தொடர்ந்து நடக்கிறது. வங்கி எண் வேண்டுமானால் பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ பார்க்கட்டும். எவரேனும் பணம் இழந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மோசடிப் பணம் கை மாறுவதற்கு முன் தடுக்க முடிவது அந்தத் தொடக்க நேரத்தில்தான். இந்த எண்ணை வகுப்பிலேயே எல்லோருடைய கைபேசியிலும் சேமிக்கச் செய்யுங்கள்.

தமிழாசிரியை, ஓய்வு:

நான் ஒன்று கேட்கலாமா? முகவரிகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளில் இருப்பதுதான் எங்கள் தெருப் பெண்களுக்குப் பெரிய தடை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே நேரமாகிறது. ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரி உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைப் பயன்படுத்த முடியுமா?

கம்பிவடப் பொறியாளர்:

உண்டு, அம்மா. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே முறைப்படி பதிவு செய்யப்பட்டவை. குரோமின் முகவரிப் பட்டையில் தமிழில் தட்டச்சு செய்தால், உலாவி அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றி அனுப்பும். 1983-இல் உருவாக்கப்பட்ட டிஎன்எஸ் என்னும் பெயர் அடைவு, அதற்குரிய ஐபி எண்ணை, அதாவது அந்தத் தளத்தின் கணினியைக் குறிக்கும் எண்ணை, தேடிக் கொடுக்கும். நீங்கள் சொன்ன வலமிருந்து இடமாகப் படிக்கும் முறை அங்கும் மாறாமல் பொருந்தும். ஆனால் அன்றாடம் தேவைப்படும் அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் இன்னும் ஆங்கில முகவரிகளிலேயே இயங்குகின்றன. அவை தமிழுக்கு மாறும்வரைக்கும், நூலகத்தில் ஒவ்வொருவர் கைபேசியிலும் பட்டா, மின்கட்டணம், தேர்வு முடிவு, அவரவர் வங்கி ஆகிய தளங்களை ஆசிரியரே சரிபார்த்துத் திறந்து, புத்தகக்குறியாகச் (புக்மார்க்) சேமித்து, அதன் பெயரை மட்டும் தமிழில் மாற்றிக் கொடுத்துவிடலாம். குரோமில் புத்தகக்குறியின் பெயரைத் திருத்தும் வசதி இருக்கிறது, முகவரி மாறாது. ‘பட்டா’ என்று தமிழில் தெரிவதைத் தொட்டால் சரியான இடத்துக்குப் போய்விடுவார்கள்.